ஏரி மீன்களும் விடியற்கால அறிகுறிகளும்

சிற்றேரிகளில் மீன் வளர்ப்போர் விடியற்காலையில் நீரைக் கவனித்தல் அவசியம். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலின் உதவியால் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவில் அவையும் அதனை உட்கொள்கின்றன. ஆகையால் விடியுமுன் நீரில் பிராணவாயு மிகக் குறையும். மேகமூட்டமான நாட்களில் இக்குறைவு அதிகம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது மீன்களுக்கு நலம்.

கட்லா, ரோகு முதலிய கெண்டைகள் கூட்டமாக மேலெழுந்து வாய் திறந்து தவிப்பதும், அவ்விடத்தில் கொக்குகள் கூடுவதும் இக்குறைவின் அடையாளங்கள். விரால் இயல்பாகவே வெளிக்காற்றைச் சுவாசிப்பதாகையால், அது மேலே வருதல் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

அடையாளம் கண்டவுடன் எருவும் தீவனமும் இடுவதை நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும்; அது கிடையாவிடில் ஏரிநீரையே இறைத்து மேலிருந்து தெளித்தல் நன்று. வெயிலேறியதும் மீன்கள் அடியிற் சென்றாலும் அபாயம் நீங்கியதாகக் கருதலாகாது. மிகுந்த நீர்ச்செடிகளை அகற்றிக் கரையேற்றாவிடில் மறுநாளும் அந்நிலையே நேரும்.