போர்ட்டா, பொதியா? ஃபிரீபிஎஸ்டி கணினியில் மென்பொருளை நிறுவிப் பராமரித்தல்



பள்ளியில் ஒதுக்கி வைத்த பழைய கணினிக்கு ஃபிரீபிஎஸ்டி போன்ற ஓர் யூனிக்ஸ் வகை இயங்குதளத்தை ஏற்றுவது ஒரு நாள் வேலை. அதன் பிறகு மென்பொருள்களைப் போட்டு, புதுப்பித்து, கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் வருடக் கணக்கில் நீளும் வேலை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

எங்கள் பள்ளியில் ஆறு பழைய கணினிகளில் சக ஆசிரியர் ஒருவர் ஃபிரீபிஎஸ்டியை ஏற்றி வைத்தார். அடுத்த ஆண்டே அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பராமரிப்பு என் தலையில் விழுந்தது. ஒரு வார இறுதியில், பாட ஒலிப்பதிவுகளைத் திருத்த ஒரு மென்பொருளைப் போட்டேன். அது நன்றாக ஓடியது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை, பள்ளி இதழுக்கான கட்டுரைகளைத் தட்டச்சு செய்து முடிக்க ஆறாம் ஆண்டு மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். "டீச்சர், ரைட்டர் திறக்க மாட்டேங்குது!" ஒன்றல்ல, ஆறு கணினியிலும் லிப்ரே ஆபிஸ் திறக்கவில்லை. மாணவர்கள் எழுதியவை பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அந்த வகுப்பு போச்சு. "பேசாம இதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமே" என்ற பேச்சும் ஆசிரியர் அறையில் எழுந்தது.

தவறு கணினியில் இல்லை, என்னிடம்தான். இரண்டு வழிகளை ஒன்றாகக் கலந்துவிட்டேன். அந்த இரண்டு வழிகள் என்ன என்று முதலில் பார்ப்போம்.

(கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். 'பிகேஜி' என்பது பி, கே, ஜி என்ற மூன்று எழுத்துகள்தான். நிறுவுதல், நீக்குதல் போன்றவற்றுக்கு 'ரூட்' என்னும் நிர்வாகி அனுமதி தேவை.)

அரைத்த மசாலாவும் பாக்கெட் மசாலாவும்

ஃபிரீபிஎஸ்டியின் முதல் பதிப்பு 1993இல் வந்தது. உலகில் பலர் எழுதும் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த இயங்குதளத்தை மனத்தில் வைத்து எழுதப்படுபவை அல்ல. ஒவ்வொன்றையும் சிறு திருத்தங்களோடு இங்கே ஓடும்படி மாற்றிக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவருவதையே 'போர்ட்' செய்வது என்கிறார்கள். 1994இல் ஜோர்டன் ஹப்பர்ட் இதற்கென ஒரு பொது ஏற்பாட்டைத் தொடங்கினார். அதுதான் 'போர்ட்ஸ்' தொகுப்பு. இன்று அதில் 30,000க்கும் மேற்பட்ட மென்பொருள்கள் உள்ளன.

ஒரு போர்ட் என்பது மென்பொருள் அல்ல. அதைச் செய்வதற்கான செய்முறைக் குறிப்பு. மூல நிரலை எங்கிருந்து எடுப்பது, எந்தத் திருத்தங்களைச் சேர்ப்பது, வேறு எந்த மென்பொருள்கள் துணைக்கு வேண்டும், எந்த வசதிகளைச் சேர்க்கலாம், விடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இறக்கிய கோப்பு அசல்தானா என்று பார்க்க அதன் அளவும், கைரேகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண்ணும் கூடவே இருக்கும். எண் பொருந்தவில்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

அதே செய்முறையைக் கொண்டு ஃபிரீபிஎஸ்டி திட்டத்தின் சொந்தக் கணினிகளில் முன்கூட்டியே செய்து, கட்டி வைத்திருப்பது 'பேக்கேஜ்', அதாவது பொதி.

நம் சமையலறைக் கணக்கில் சொன்னால், போர்ட் என்பது மிளகாய், மல்லி வாங்கி நாமே அரைப்பது. உறைப்பு நம் இஷ்டம். ஆனால் நேரம் பிடிக்கும். பொதி என்பது கடையில் வாங்கும் பாக்கெட் மசாலா. பிரித்தோம், போட்டோம், அவ்வளவுதான். லிப்ரே ஆபிஸைப் பொதியாகப் போட்டால் இறக்கும் நேரம் மட்டுமே. பழைய கணினியில் மூல நிரலிலிருந்து செய்யப் போனால் இரவு முழுக்க ஓடினாலும் முடியாமல் போகலாம்.

இரண்டு வழியில் வந்தாலும் மென்பொருள் போய் உட்காரும் இடம் ஒன்றே: 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் 'லோக்கல்' என்ற கோப்புறை. இயங்குதளத்தின் சொந்தப் பகுதிகள் அதற்கு வெளியே தனியாக இருக்கும். அதனால் ஒரு மென்பொருள் கெட்டாலும் கணினி எழுந்து நிற்கும். அன்று காலை எங்கள் கணினிகளும் வழக்கம்போலத் திறந்தன. எழுதும் மென்பொருள்தான் படுத்துவிட்டது.

அன்றாடம் தேவைப்படும் கட்டளைகள்

2014 ஜனவரியில் வெளிவந்த ஃபிரீபிஎஸ்டி 10.0 முதல் பொதிகளைக் கவனிக்கும் கருவி 'பிகேஜி'. இவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்:

பிகேஜி சர்ச்: பெயரைச் சொன்னால் பொதியைத் தேடித் தரும்.

பிகேஜி இன்ஸ்டால்: நிறுவும். துணைக்கு வேண்டியவற்றையும் தானே சேர்த்துக் கொண்டுவரும்.

பிகேஜி இன்ஃபோ: என்னென்ன நிறுவப்பட்டுள்ளன என்று பட்டியலிடும்.

பிகேஜி விச்: ஒரு கோப்பைக் காட்டினால் அது எந்தப் பொதியோடு வந்தது என்று சொல்லும்.

பிகேஜி டெலீட்: நீக்கும்.

பிகேஜி ஆட்டோரிமூவ்: துணைக்கு வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாமல் கிடப்பவற்றை அகற்றும்.

பிகேஜி அப்கிரேட்: எல்லாவற்றையும் புதுப்பிக்கும்.

பிகேஜி ஆடிட்: பாதுகாப்புக் குறை அறியப்பட்ட மென்பொருள் நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்கும். பின்னால் ஒரு சிறு கோடும் பெரிய எழுத்து எஃப்-உம் சேர்த்தால் குறைகளின் பட்டியலைப் புதிதாக இறக்கிப் பார்க்கும்.

தமிழ்த் தட்டச்சுக்கு 'எம்17என்' என்னும் பன்மொழித் தொகுப்பு உதவும். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது. 'ஐபஸ்' என்னும் உள்ளீட்டுக் கருவியோடு சேர்த்து அதைப் பயன்படுத்தலாம்.

நான் என்ன தவறு செய்தேன்?

பொதிகள் இரண்டு கிளைகளில் கிடைக்கின்றன. 'லேட்டஸ்ட்' கிளையில் புதியவை உடனுக்குடன் வரும். 'குவார்ட்டர்லி' என்பது காலாண்டுக் கிளை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பிரியும். அடுத்த மூன்று மாதங்களுக்குப் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் மட்டுமே அதில் சேரும். முறையாக வெளியிடப்பட்ட ஃபிரீபிஎஸ்டி பதிப்பை நிறுவினால் காலாண்டுக் கிளையே இயல்பாக அமைந்திருக்கும். எங்கள் கணினிகளும் அப்படித்தான்.

எனக்கு வேண்டிய ஒலித் திருத்தியில் ஒரு வசதி, பொதியில் சேர்க்கப்படாமல் இருந்தது. 'சரி, போர்ட்ஸில் நாமே செய்துகொள்ளலாம்' என்று போர்ட்ஸ் தொகுப்பை இறக்கினேன். இறக்கியது அன்றன்று மாறும் முதன்மைக் கிளை. பிறகு 'போர்ட்மாஸ்டர்' என்ற கருவியிடம் வேலையைக் கொடுத்தேன். அது பொறுப்பாக வேலை செய்யும் கருவி. கேட்ட மென்பொருளை மட்டும் செய்யாமல், அதற்குத் துணையானவற்றில் பழையதாக இருப்பதையும் புதிதாக்கிவிடும்.

அப்படிப் புதிதானவற்றில் ஒன்று 'ஐசியு'. யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் நிரல் நூலகம் அது. லிப்ரே ஆபிஸுக்கும் அதுவே துணை. நூலகத்தின் கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கும். புதியது வந்தபோது பழைய எண் கொண்ட கோப்பு நீங்கிவிட்டது. பழைய எண்ணைத் தேடிய லிப்ரே ஆபிஸ், 'அந்த நூலகம் இல்லை' என்று சொல்லி நின்றுவிட்டது. நான் ஒலித் திருத்தி ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். மற்றதைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

சரிசெய்தது எப்படி? 'பிகேஜி அப்கிரேட்' கட்டளையோடு சிறு கோடும் சிறிய எழுத்து எஃப்-உம் சேர்த்து ஓட்டினேன். அது எல்லாப் பொதிகளையும் காலாண்டுக் கிளையில் உள்ளபடியே மீண்டும் நிறுவியது. ஐசியு பழைய பதிப்புக்குத் திரும்பியது. லிப்ரே ஆபிஸ் திறந்தது. நான் ஆசையாகச் செய்த மென்பொருளின் இடத்தில் சாதாரணப் பொதி வந்து உட்கார்ந்துகொண்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

கலக்கத்தான் வேண்டும் என்றால்

முடிந்தவரை எல்லாமே பொதி என்பதுதான் பள்ளிக்கு நல்லது. ஆனாலும் போர்ட் தேவைப்படும் நேரங்கள் உண்டு. பொதியில் இல்லாத ஒரு வசதி வேண்டியிருக்கலாம். அல்லது உரிம விதி காரணமாக அந்த மென்பொருளைப் பொதியாகப் பகிர முடியாமல் இருக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, பொதி எந்தக் கிளையோ போர்ட்ஸும் அதே கிளையாக இருக்க வேண்டும். பொதிகள் 2025இன் முதல் காலாண்டு என்றால், போர்ட்ஸிலும் அதே காலாண்டின் கிளையை இறக்க வேண்டும். வேலை தொடங்குமுன் பொதிகளைப் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும்.

இரண்டாவது, போர்ட்ஸ் கோப்புறையில் 'அப்டேட்டிங்' என்றொரு கோப்பு உண்டு. எந்த மாற்றத்துக்கு என்ன கூடுதல் வேலை செய்ய வேண்டும் என்று தேதிவாரியாக அதில் எழுதியிருப்பார்கள். சுற்றறிக்கை மாதிரிதான், படிக்காமல் விட்டால் பிறகு நமக்குத்தான் தலைவலி.

மூன்றாவது, நாமே செய்ததை 'பிகேஜி லாக்' கட்டளையால் பூட்டி வைக்கலாம். இல்லையென்றால் அடுத்த புதுப்பிப்பில் சாதாரணப் பொதி அதன் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் பூட்டியதை மறந்துவிடக் கூடாது. பூட்டியது அப்படியே நிற்க, அதைச் சுற்றியுள்ள நூலகங்கள் மாறினால் அதே பழைய கதைதான்.

'ஒய்' தட்டும் முன்

புதுப்பிக்கும்போது பிகேஜி ஒரு பட்டியலைக் காட்டி, 'செய்யலாமா?' என்று கேட்கும். நம்மில் பலர் படிக்காமலே 'ஒய்' தட்டிவிடுவோம். அந்தப் பட்டியலில் 'நீக்கப்படுபவை' என்ற பகுதியைக் கட்டாயம் பாருங்கள். ஏதாவது ஒரு பொதியை அவர்களால் அந்த வாரம் செய்ய முடியாமல் போயிருந்தால், அதையோ அதை நம்பியிருக்கும் வேறொன்றையோ நீக்கிவிடலாமா என்று பிகேஜி கேட்கக்கூடும். அங்கே லிப்ரே ஆபிஸின் பெயரைக் கண்டால் 'என்' தட்டிவிட்டு, சில நாள் கழித்து முயலலாம்.

கணினியில் இசட்எஃப்எஸ் கோப்பு முறை இருந்தால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஃபிரீபிஎஸ்டி 12.0 முதல் 'பிஇசிடிஎல்' என்ற கருவி கூடவே வருகிறது. புதுப்பிக்கும் முன் 'பிஇசிடிஎல் கிரியேட்' என்று தட்டி ஒரு பெயர் கொடுத்தால், அப்போதைய நிலை அப்படியே பதிவாகும். பிறகு ஏதாவது கெட்டால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். இயல்பான அமைப்பில் மாணவர்களின் கோப்புகள் இதில் சேராமல் தனியே இருக்கும். மென்பொருள் பின்னோக்கிப் போகும். அவர்கள் நேற்று எழுதிய கட்டுரை போகாது. அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வகுப்பைக் காப்பாற்றியிருப்பேன்.

இயங்குதளத்தின் புதுப்பிப்பு வேறு, பொதிகளின் புதுப்பிப்பு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். 13இலிருந்து 14 என்று பெரிய எண் மாறும்போது எல்லாப் பொதிகளையும் மீண்டும் நிறுவ வேண்டும்.

யாரை நம்பி இறக்குகிறோம்?

2012 நவம்பரில் ஃபிரீபிஎஸ்டி திட்டத்தின் இரண்டு கணினிகளில் அத்துமீறல் நடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மென்பொருள் குறை எதுவும் காரணமில்லை. ஒரு நிரலாளரின் நுழைவுச் சாவி திருடுபோயிருந்தது. இயங்குதளத்தின் அடிப்படைப் பகுதி தொடப்படவில்லை. ஆனால் அந்தக் கணினிகள் பொதிகளைச் செய்யும் ஏற்பாட்டைச் சேர்ந்தவை. மாற்றம் செய்யப்பட்டதற்கான தடயம் கிடைக்கவில்லை என்றாலும், 2012 செப்டம்பர் 19 முதல் நவம்பர் 11 வரை கிடைத்த பொதிகளுக்கு உறுதி கூற முடியாது என்று திட்டத்தினர் வெளிப்படையாக அறிவித்தார்கள். இன்று அதிகாரபூர்வப் பொதிக் களஞ்சியத்துக்கு மின்கையொப்பம் உண்டு; பிகேஜி அதைச் சரிபார்த்த பிறகே நிறுவும். எனவே யாரோ தந்த பொதிக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து போடாதீர்கள்.

அடுத்து வருபவருக்கு ஒரு பட்டியல்

மாற்றலாகிப் போன நண்பரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எதை, ஏன் போட்டார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு கணினியிலும் சில நூறு பொதிகள். எது வேண்டியது, எது துணைக்கு வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

அதற்கும் வழி இருக்கிறது. 'பிகேஜி பிரைம்-லிஸ்ட்' என்று தட்டினால், நாமே கேட்டு நிறுவியவற்றின் பெயர்கள் மட்டும் வரும். எங்கள் கணினியில் அது இருபது வரிகூட இல்லை. அதை அச்சிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதினேன்: இது இதழ்ப் பக்கம் அமைக்க, இது தமிழ்த் தட்டச்சுக்கு, இது ஒலிப்பதிவுக்கு. எந்தக் கிளை, எதைப் பூட்டினேன், கடைசியாக எப்போது புதுப்பித்தேன் என்றும் குறித்து வைத்தேன். ஒரு கணினி முழுதாகக் கெட்டாலும் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரே நாளில் மீட்டுவிடலாம்.

இப்போது எங்கள் பள்ளியில் புதுப்பிப்பு பள்ளி விடுமுறையில் மட்டும்தான். முதலில் ஒரு கணினி. அதில் லிப்ரே ஆபிஸ், தமிழ்த் தட்டச்சு, அச்சுப்பொறி மூன்றையும் சோதித்த பிறகே மற்ற ஐந்தும். நாளைக்கு எனக்கும் மாற்றல் வரலாம். நோட்டுப் புத்தகம் கணினி அறை அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது.