பின்னால் நிற்கும் வீரனுக்கு என்ன விலை?
ஆக்கி ஏலத்துக்கு முன் இளைஞர்களை எடை போடுவது எப்படி?

சென்னை எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். 2025 டிசம்பர் 10-ந் தேதி. ஜூனியர் உலகக் கோப்பை ஆக்கிப் போட்டியில் 3-வது இடத்துக்கு இந்தியாவும் அர்ஜென்டினாவும் மோதின. முக்கால் பங்கு ஆட்டம் முடிந்துவிட்டது. அர்ஜென்டினா 2 கோல் போட்டிருந்தது. இந்தியா ஒன்றுகூடப் போடவில்லை!

கடைசிக் கால் பகுதியில் ஆட்டம் தலைகீழாக மாறியது. இந்தியா 4 கோல் போட்டு வெண்கலப் பதக்கம் வாங்கியது. அவற்றில் கடைசி 2 கோல்களைப் போட்டவர்கள் சாரதானந்த திவாரி, அன்மோல் எக்கா. இவர்கள் முன்னால் ஓடி கோல் போடும் வீரர்கள் அல்ல. பின்னால் நின்று கோலைக் காக்கும் வீரர்கள்!

இப்படிப்பட்ட ஒரு வாலிபர் நாளைக்கு எவ்வளவு பெரிய வீரராக வருவார்? ஏலத்துக்கு முன்னால் அணிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது.

ஏலம் நடப்பது எப்படி?

7 ஆண்டுகள் நின்று போயிருந்த ஆக்கி இந்தியா லீக் போட்டிக்காக, 2024 அக்டோபரில் டெல்லியில் வீரர்கள் ஏலம் விடப்பட்டார்கள். ஆண்கள் அணிகள் 8. ஓர் அணி செலவழிக்கக்கூடிய பணம் 4 கோடி ரூபாய். அணிக்கு 24 பேர். அதில் 16 பேர் இந்தியர்கள், 8 பேர் வெளிநாட்டார். இந்தியர்களில் 4 பேர் கட்டாயம் ஜூனியர்களாக இருக்க வேண்டும்.

ஆரம்ப விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று வகை. அந்த ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் யார் தெரியுமா? இந்திய கேப்டன் ஹர்மன்பிரீத் சிங். விலை 78 லட்சம் ரூபாய். அவரும் பின்கள வீரர்தான்!

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

ஹர்மன்பிரீத்தின் விலைக்குப் பெரிய காரணம், பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசும் வித்தை. 'டிராக் பிளிக்' என்று இதற்குப் பெயர். இது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் இது இல்லாத பையன் உதவாதவனா? இல்லை. அவனை எடை போட வேறு தராசு வேண்டும்.

எதிரி வளைந்து நெளிந்து ஏமாற்றும்போது, பையன் அவன் உடம்பைப் பார்க்கிறானா, பந்தைப் பார்க்கிறானா? அவசரப்பட்டுப் பாய்ந்து விழுகிறானா? அல்லது காலை ஊன்றி நின்று, எதிரியை மைதானத்தின் ஓரத்துக்கு ஒதுக்குகிறானா? பந்து கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறானா? அல்லது தன் ஆளைத் தேடிக் கொடுக்கிறானா? இவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும்.

முக்கியமாக, கோபம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பச்சை அட்டை காட்டினால் 2 நிமிடம் வெளியே. மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு என்றால் அன்றைய ஆட்டமே போச்சு!

சிவப்பு அட்டை வாங்கியவர்

இதற்கு நல்ல உதாரணம் ஒடிசாவைச் சேர்ந்த அமித் ரோகிதாஸ். 2024 ஆகஸ்டு 4-ந் தேதி, பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில் பிரிட்டனுடன் ஆட்டம். 17-வது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை! மீதி 43 நிமிடமும் இந்தியா 10 பேருடன் ஆடி, கடைசியில் ஷூட்-அவுட்டில் வென்றது. அரை இறுதியில் ஆட அவருக்குத் தடை. அந்த ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றது.

"இனி இவரை யார் வாங்குவார்கள்?" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டே மாதம் கழித்து, தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அவரை 48 லட்சத்துக்கு வாங்கியது!

அவருடைய பெருமை இதுதான்: எதிரி பெனால்டி கார்னர் அடிக்கும்போது, கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து பந்தின் எதிரே போய் நிற்பார். முகத்துக்கு மூடி, முழங்காலுக்குக் கவசம். எதிரே வருவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும் பந்து! கோல் கணக்கில் இது சேராது. ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் இதற்கு விலை கொடுப்பார்கள். ஒரு நாள் தவறை வைத்து ஓர் ஆளை எடை போடக்கூடாது. ஒரு நாள் சாகசத்தை வைத்தும் எடை போடக்கூடாது.

பெற்றோர் கவனிக்க

17, 18 வயதில் உடம்பு இன்னும் வளர்கிறது. அன்று மெதுவாக ஓடுகிறவன் 22 வயதில் வேகம் பிடிக்கலாம். ஏலத்தில் யாரும் கேட்காமல் போகிறவர்களும் உண்டு. 2024-25 போட்டி நடந்ததோ ஏறக்குறைய 5 வாரம்தான். ஆகையால் மட்டையோடு புத்தகமும் கையில் இருக்கட்டும். ரெயில்வே, போலீஸ் போன்ற இலாகாக்களில் விளையாட்டு வீரர்களுக்கு வேலையும் உண்டு.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் கிரிக்கெட் மட்டை பிடிக்கும் பையன்களே அதிகம். அவர்களுக்கு நடுவே ஒருவன் ஆக்கி மட்டையோடு வியர்த்து வீடு திரும்பினால், "எத்தனை கோல் போட்டாய்?" என்று கேட்காதீர்கள்.

"எத்தனை கோலைத் தடுத்தாய், தம்பி?" என்று கேளுங்கள். அவன் முகம் மலரும்!