இது வேம்புதானா?

உங்கள் தோட்டத்தின் மூலையில் யாரும் நடாத ஒரு கன்று வளர்ந்து நிற்கிறது. காக்கையோ வௌவாலோ போட்டுச் சென்ற விதையிலிருந்து அது முளைத்திருக்கலாம். இலைகளின் விளிம்பு பல் பல்லாக இருக்கிறது. “இது வேம்புதான்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் கொழுந்தைப் பறித்து அரைக்கவும் தயாராகிவிட்டார்கள். சற்றுப் பொறுங்கள்! அது வேம்புதான் என்பதற்கு என்ன சான்று?

மாணவ நண்பர்களே, இது வீண் சந்தேகம் அல்ல. வேம்புக்கு நெருங்கிய உறவான மரம் ஒன்று உண்டு. அதன் பெயர் மலைவேம்பு. தாவரவியலார் அதை ‘மீலியா அசடராக்’ என்பர். வேம்பின் பெயர் ‘அசாடிராக்டா இண்டிகா’. இரண்டும் மீலியேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. 1753-ல் லின்னேயஸ் இவ்விரண்டையும் மீலியா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார். 1830-ல் தாவரவியலார் ஜுஸ்ஸியு வேம்பைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். அவ்வளவு நெருக்கமான உறவு! ஆனால் கனிந்த வேப்பம்பழத்தின் சதை இனிக்கும். மீலியா அசடராக்கின் பழமோ நஞ்சு. அதைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும், நரம்புகளும் பாதிக்கப்படும்.

அப்படியானால் சுவைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா? கூடவே கூடாது. இரண்டின் இலைகளும் கசக்கும். மேலும், பெயர் தெரியாத எந்த மரத்தின் இலையையும் காயையும் வாயில் வைக்கக் கூடாது. பல வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் பொன்னரளியின் விதை, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடியது. நாக்கு வேண்டாம், கண்ணே போதும்.

முதலில் இலையைப் பாருங்கள். ஓர் இலை எங்கே தொடங்குகிறது? இதற்கு ஓர் எளிய விதி உண்டு. இலைக்காம்பு கிளையோடு சேரும் கோணத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். அதுவே கோணமொட்டு. அங்கிருந்து நுனி வரை உள்ளது முழுவதும் ஒரே இலை. நாம் சாதாரணமாக ‘வேப்பிலை’ என்று கிள்ளுவது உண்மையில் ஒரு சிற்றிலை. அதன் அடியில் மொட்டு இராது. பல சிற்றிலைகள் சேர்ந்ததே கூட்டிலை.

இப்போது வேம்பின் கூட்டிலையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே ஒரே காம்பு. அதன் இருபுறமும் அரிவாள் போல வளைந்த சிற்றிலைகள் நேராக அமைந்திருக்கும். மலைவேம்பில் அப்படியில்லை. நடுக்காம்பிலிருந்து பக்கக் காம்புகள் பிரியும். சிற்றிலைகள் அந்தப் பக்கக் காம்புகளில் இருக்கும். ஒரு முறை பிரிந்தால் வேம்பு. இரண்டு மூன்று முறை பிரிந்தால் மலைவேம்பு. மிக இளங்கன்றின் முதல் இலைகள் மட்டும் ஏமாற்றக்கூடும். ஆகவே முற்றிய இலைகளையே பாருங்கள்.

அடுத்து பூ. வேப்பம்பூ வெண்மை நிறம். மீலியா அசடராக்கின் பூ இளம் ஊதா. பிறகு பழம். வேப்பம்பழம் சற்று நீள்வட்டமானது. கொட்டையின் ஓடு வழவழப்பாக, பெரும்பாலும் ஒரே விதையுடன் இருக்கும். மீலியா அசடராக்கின் பழம் உருண்டை. இலை உதிர்ந்த பின்னும் கிளையில் கொத்தாகத் தொங்கும். அதன் கடினமான கொட்டையில் வரிவரியாக மேடுகள் இருக்கும். ஜெபமாலை மணியாகக்கூட அதைக் கோப்பதுண்டு.

இலை, பூ, பழம் மூன்றும் ஒரே விடையைத் தந்தால் நம்பலாம். ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டுவது அறிவியல் முறையாகாது.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒட்டுப்பலகைக்காக இன்று தோட்டம் தோட்டமாக வளர்க்கப்படும் ‘மீலியா டூபியா’ என்ற மரத்தையும் நம் மக்கள் மலைவேம்பு என்றே அழைக்கின்றனர். ஒரே பெயர், இரு மரங்கள்! அறிவியல் பெயர் எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா?

இன்னும் ஐயம் தீரவில்லையா? பூவும் காயும் உள்ள சிறு கிளை ஒன்றை வெட்டுங்கள். செய்தித்தாள்களின் நடுவே விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாட்கள் தாளைத் தினமும் மாற்றுங்கள். நாள், இடம், மரத்தின் உயரம், பூவின் நிறம் ஆகியவற்றைத் தனித்தாளில் அன்றே எழுதிவிடுங்கள்; காய்ந்தபின் நிறம் மாறிவிடும். அதை உங்கள் உயிரியல் ஆசிரியரிடமோ அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிலோ காட்டுங்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில், இப்படி உலர்த்திய மாதிரிகள் பெருந்தொகுப்பாகப் பாதுகாக்கப்படுகின்றன. தாவரவியல் அறிஞர்களும் இவற்றோடு ஒப்பிட்டே பெயரை உறுதி செய்கின்றனர்.

வரும் விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் தோட்டத்துக்குச் செல்லுங்கள். முதலில் அந்தக் கோணமொட்டைத் தேடுங்கள். விடை தெரியும்வரை, அரைக்கத் தயாராக இருக்கும் கொழுந்து அம்மியில் ஏறாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பே!