ஹாப்ஸ் கொடியும் பண்ணைப் பீர் ஆலையும்

வேளாண் விளைபொருளின் மதிப்பு, பெரும்பாலும் அது விளைந்த ஊரை விட்டு வெளியேறிய பின்னரே உயர்கிறது. அம்மதிப்பைக் கிராமத்திலேயே நிலைக்கச் செய்வது எப்படி? இவ்வினாவுக்கு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் கண்ட விடைகளுள் ஒன்று பண்ணைப் பீர் ஆலை. ஹாப்ஸ் கொடி வளரும் நிலத்திலேயே பீரும் தயாராகி விற்பனையாவது இதன் சிறப்பு.

முளைகட்டிய பார்லி, நீர், ஈஸ்ட், ஹாப்ஸ் ஆகிய நான்குமே பீரின் அடிப்படைப் பொருள்கள். இவற்றுள் ஹாப்ஸ் என்பது பல்லாண்டுக் கொடிப்பயிர். குளிர்காலத்தில் கொடி மடிந்தாலும், வேர்த்தண்டு உயிருடன் இருந்து வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். பெண் கொடியில் விளையும் கூம்பு வடிவப் பூக்களே பயன்படுவன. அவற்றின் செதில்களுக்கிடையே லுபுலின் என்னும் மஞ்சள் நிறப் பொடி உள்ளது. பீருக்குரிய கசப்பையும் மணத்தையும் தருவது இதுவே. பீர் கெடாமல் காக்கவும் இது துணைபுரிகிறது.

பழைய பெருமை

நியூயார்க் மாநிலத்தின் மாடிசன் மாவட்டத்தில் 1808-இல் ஹாப்ஸ் வணிகப் பயிராகத் தொடங்கியது. 1880-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இம்மாநிலத்தின் விளைச்சல் 2 கோடியே 10 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. இது அந்நாட்டின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகும். பின்னர் பூஞ்சண நோய்களும் அசுவினிப் பூச்சியும் பயிரைத் தாக்கின; பசிபிக் கரை மாநிலங்களின் போட்டியும் வலுத்தது. 1920 முதல் 1933 வரை நடப்பிலிருந்த மதுவிலக்கு எஞ்சிய சந்தையையும் மூடிற்று. இன்று அமெரிக்க ஹாப்ஸில் மிகப் பெரும்பகுதி வாஷிங்டன், ஐடஹோ, ஓரிகன் மாநிலங்களில் விளைகிறது.

சட்டம் வகுத்த படிகள்

1976-ஆம் ஆண்டின் பண்ணை ஒயின் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 2012-இல் நியூயார்க் அரசு பண்ணைப் பீர் ஆலைச் சட்டத்தை இயற்றியது. இவ்வுரிமம் பெறுவோர் தம் பீரை ஆலையிலேயே கோப்பையளவில் விற்கலாம். இதற்கு ஈடாக உள்மாநில விளைபொருளைப் பயன்படுத்த வேண்டும். சட்டம் இயற்றப்பட்டபோது வகுத்த அட்டவணைப்படி, 2018 இறுதி வரை ஹாப்ஸில் 20 சதவீதமும், பிற மூலப்பொருள்களில் 20 சதவீதமும் மாநிலத்தில் விளைந்தவையாக இருத்தல் வேண்டும். 2019 முதல் இவ்வளவு 60 சதவீதம். 2024 முதல் 90 சதவீதம்.

முழு அளவையும் முதல் நாளிலேயே கோராமல் படிப்படியாக உயர்த்தியதற்குத் தக்க காரணம் உண்டு. நட்ட கொடி முழு விளைச்சல் தர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகும். ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் கம்பங்களும் கம்பிகளும் அமைக்க முன்கூட்டியே பெரும் முதலீடு தேவை. அறுவடையின்போது கூம்புகளின் எடையில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நீரே. அவற்றைத் தாமதமின்றிச் சூட்டறையில் உலர்த்தி, ஈரப்பதத்தை 10 சதவீத அளவுக்குக் குறைக்காவிடில் சரக்கு கெட்டுவிடும். சட்டம் தேவையை உருவாக்கலாம். உலர்த்தும் சூட்டறையையும், பறிக்கும் இயந்திரத்தையும், பார்லியை முளைகட்டும் நிலையத்தையும் அது தானாக உருவாக்கிவிடாது.

இத்தகைய வசதியில்லாத சிறு விவசாயிக்கு அடுத்துள்ள ஆலையே அரண். பறித்த கூம்பை உலர்த்தாமல் ஒரு நாளுக்குள் கொப்பரையில் இட்டுத் தயாரிக்கும் பசும் ஹாப்ஸ் பீரைத் தொலைவிலுள்ள ஆலை எளிதில் செய்ய இயலாது. ஆலையில் எஞ்சும் பார்லிச் சக்கை கால்நடைக்குத் தீவனமாகப் பண்ணைக்கே திரும்புகிறது.

நமக்குரிய பாடம்

இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு ஹாப்ஸ் விளையும் பகுதியாகும். 2020-இல் ரோதங் கணவாயின் அடியில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்படும் வரை, கடும் பனியால் ஆண்டில் பல மாதங்கள் அப்பகுதிக்குச் சாலைத் தொடர்பு அற்றுப்போகும். வாங்குவோரை விட்டு விலகியிருக்கும் விவசாயியின் நிலை எத்தகையது என்பதற்கு அது சான்று.

அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் நெறியாக வகுத்துள்ள நம் நாட்டில், இத்தொழிலை அப்படியே பின்பற்றுவது பற்றிப் பேச்சில்லை. ஆயின் இம்முறை பழச்சாறு, எண்ணெய், மூலிகை எனப் பலவற்றுக்கும் பொருந்தும். உள்ளூர் விளைபொருளைக் கட்டாயமாக்கும் விதியும், விளைவிப்போருக்குத் தரும் கால அவகாசமும், பதப்படுத்தும் வசதியும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், ஆலை இயங்கும். அடுத்த வயல் தரிசாகவே கிடக்கும்.