கண்ணாடியில் 'பனி' பெய்தால்: தேயிலை மலையில் ட்ரோன் படம் ஏன் அறுகிறது?

இறுதிப் போர்க் காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு 'வண்டு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. தலைக்கு மேலே ஓயாமல் இரைந்துகொண்டிருந்த வேவு விமானத்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்தை விட்டுப் போய் வன்னியில் குடியேறிய குடும்பங்களும் அந்த இரைச்சலின் கீழ்தான் பதுங்குகுழிக்குள் கிடந்தன. இன்று ஹற்றன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படியொரு சத்தம் எழுந்தால், அது யாரோ ஓர் இளைஞன் பாகம் பாகமாக வாங்கிப் பற்றுவைத்துப் பூட்டிய பந்தய ட்ரோனாக இருக்கலாம்.

இந்த ட்ரோனை ஓட்டுபவர் அதை அண்ணாந்து பார்த்து ஓட்டுவதில்லை. ட்ரோனின் கமரா அனுப்பும் படத்தைக் கண்ணில் மாட்டிய திரைக்கண்ணாடியில் பார்த்து ஓட்டுகிறார். கட்டளை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸில் போகும், படம் 5.8 கிகாஹேர்ட்ஸில் வரும். படம் அறுந்தால் அந்தக் கணமே அவர் குருடர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் எடுக்கக்கூடிய பொருள் அது. கீழே கொழுந்து பறிப்பவர்கள் நிற்கலாம். எனவே படத்தில் விழும் கோட்டைப் பொழுதுபோக்குக்காரரின் தலைவலி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

கோடு விழுந்ததும் புதிய அன்ரனா வாங்க ஓடுவதுதான் வழமை. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: கோளாறு மோட்டாரின் வேகத்தோடு மாறுகிறதா, ட்ரோன் நிற்கும் இடத்தோடு மாறுகிறதா? வேகத்தோடு மாறினால் நோய் ட்ரோனுக்குள்ளே. இடத்தோடு மாறினால் வெளியே.

முதலில் உள்ளே பார்ப்போம். புரொபெல்லர்களைக் கட்டாயம் கழற்றிவிட்டு, படம் அனுப்பும் கருவியில் அன்ரனா இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பற்றரியைக் கொடுங்கள். அன்ரனா இல்லாமல் ஓடவிட்டால் அக்கருவி எரிந்துபோகலாம். மோட்டாரை மெல்லக் கூட்டும்போது படத்தில் கிடைக்கோடுகள் ஓடத் தொடங்கினால் அது மின்வழங்கலின் இரைச்சல். மோட்டார்க் கட்டுப்படுத்திகள் மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. அந்த அதிர்வு பற்றரிக் கம்பி வழியாகக் கமராவுக்குள் ஏறிவிடுகிறது. பாடப்புத்தகம் கொள்ளளவி என்றும் கடைக்காரர் கப்பாசிற்றர் என்றும் சொல்லும் பொருள்தான் இதற்கு மருந்து. நான்கு கலப் பற்றரியானால் 35 வோல்ற், 470 முதல் 1000 மைக்ரோபரட் வரையான ஒன்றை, பற்றரிக் கம்பி சேரும் இடத்திலேயே, கால்களைக் குறுக்கிப் பற்றுவைக்க வேண்டும். நேர், மறை மாறினால் வெடிக்கும். கமராவுக்கு நேரே பற்றரியிலிருந்து மின் எடுத்திருந்தால், சீராக்கப்பட்ட 5 வோல்ற் முனைக்கு மாற்றிப் பாருங்கள் (கமரா 5 வோல்றில் இயங்கும் வகையா என்று பார்த்துவிட்டு). புரொபெல்லர் இல்லாதபோது மோட்டாருக்குச் சுமை குறைவு. மேசையில் சுத்தமாகத் தெரிந்த படம் பறக்கையில் கெடலாம். ஆகவே திறந்த வெளியில், பக்கத்திலேயே, தாழப் பறக்கவிட்டும் ஒரு தடவை பார்க்கவேண்டும்.

இன்னொரு சோதனைக்குக் காசே தேவையில்லை. திரையில் பற்றரி அளவைக் காட்டும் எழுத்துகள் இருக்குமல்லவா? அவை ட்ரோனில் வைத்தே படத்தின் மேல் எழுதப்படுபவை. காட்சி மறைந்து எழுத்துகள் மட்டும் தெளிவாக நின்றால் ரேடியோவில் பிழை இல்லை. கமராவையோ அதன் கம்பியையோ பாருங்கள். எழுத்துகளையும் சேர்த்துப் புள்ளிப் பனி மூடினால்தான் ரேடியோ.

வெளியே உள்ள காரணங்களில் மலையகத்தில் முதல் இடம் மலைக்குத்தான். பனிமூட்டத்தின் மேல் பழி போடவேண்டாம். சில நூறு மீற்றர் தூரத்தில் 5.8 கிகாஹேர்ட்ஸ் அலையை மூடுபனி பொருட்படுத்தத்தக்க அளவுக்குக் குறைப்பதில்லை. நனைந்த இலை குறைக்கும். மண் மேடு முழுதாகவே மறித்துவிடும். அந்த அலையின் நீளம் சுமார் 5 சென்ரிமீற்றர்தான், மலையை வளைத்துக்கொண்டு வராது. அதைவிட, ட்ரோன் கண்ணுக்குத் தெரிந்தாலே போதும் என்பதும் தவறு. 500 மீற்றர் தூரத்துக்கு, இடைவழியில் சுமார் இரண்டரை மீற்றர் ஆரமுள்ள வெளி தடையின்றி இருக்கவேண்டும். தேயிலைச் செடிக்கு மேலே உரசுவதுபோல் பறந்தால் அந்த வெளியின் கீழ்ப்பாதியைச் செடியே தின்றுவிடும். உக்ரைன் போரின் ட்ரோன் காணொளிகளில் கடைசி வினாடிகளில் படம் பனியாய்ச் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியோத் தடைக்கருவிகளும் அதற்குக் காரணமாகலாம். ஆனால் ட்ரோன் நிலத்தோடு தாழ்ந்து அலையின் நிழலுக்குள் இறங்குவதும் அதையேதான் செய்யும். அங்கே கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டு பறக்கும் ட்ரோன்கள் வந்ததற்கு இந்த இரண்டும் காரணம். தோட்டத்தில் அதற்கெல்லாம் அவசியமில்லை. பள்ளத்தில் நிற்காமல் மேட்டில் ஏறி நின்று ஓட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

நுவரெலியாவில் நிற்பவருக்குப் பீதுருதாலகால உச்சியின் கோபுரத்தில் சந்தேகம் வரலாம். ரூபவாஹினி 1982 இல் தொடங்கிய காலம் முதல் அங்கிருந்துதான் ஒளிபரப்பு. ஆனால் தொலைக்காட்சி அலைகள் சில நூறு மெகாஹேர்ட்ஸ். உங்கள் படம் 5,800 சொச்சம். கோபுரத்தின் அடியில் நின்றாலொழிய அது குற்றவாளியல்ல. சந்தேகிக்க வேண்டியது வைஃபை. அதன் மேல் அலைவரிசைகள் 5,735 முதல் 5,835 மெகாஹேர்ட்ஸ் வரை பரந்து உங்கள் அலைவரிசைகளின் மேலேயே குந்தியிருக்கின்றன. பந்தயக்காரர்களின் எட்டு அலைவரிசைகளில் முதல் இரண்டும் (5,658, 5,695) கடைசி மூன்றும் (5,843, 5,880, 5,917) அந்த எல்லைக்கு வெளியே. லயன் வீடுகளின் தகரக் கூரைகளில் பட்டுத் தெறிக்கும் அலையும் படத்தை வெட்டும். வட்டமாகச் சுழலும் அலையை அனுப்பும் அன்ரனா அதைக் குறைக்கும். ஆனால் ட்ரோனிலும் கண்ணாடியிலும் இரண்டும் வலச்சுழியாகவோ, இரண்டும் இடச்சுழியாகவோ இருக்கவேண்டும். ஒன்று வலம், மற்றது இடம் என்று வாங்கிவிட்டு மாதக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு.

இதெல்லாம் பார்க்காமல் வலுவைக் கூட்டுவதில் பயன் குறைவு. வலுவை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும், மலைக்குப் பின்னால் அப்போதும் போகாது. சட்டமும் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து நாடெங்கும் ட்ரோன்கள் தடைசெய்யப்பட்டன. அந்தத் தடை நீங்கிய பின்னரும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளும், ரேடியோக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் விதிகளும் உள்ளன. பறக்கவிடுமுன் அவற்றைக் கேட்டறியுங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள். லயத்திலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தச் சத்தத்தை வேறுவிதமாகக் கேட்டுப் பழகியவர்கள் அங்கே இருக்கலாம்.

இரண்டு பேர் பறக்கவிடுவதானால் இன்னொன்று. ஒருவர் பறந்துகொண்டிருக்கையில் மற்றவர் தன் ட்ரோனுக்குப் பற்றரி கொடுக்கக்கூடாது. அலைவரிசை ஒன்றாக இருந்துவிட்டால், மேலே பறப்பவருக்குத் தெரிவது தரையில் கிடக்கும் ட்ரோனின் புல்தான்.