பதினேழு வாட்டில் ஒரு பிட்காயின் பொழுதுபோக்கு

செட்டிநாட்டில் குன்றக்குடிப் பக்கம் இருக்கிற நாச்சியாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பிட்காயின் மைனிங் செய்ய முடியுமா என்று யாராவது கேட்டால், முதலில் கரண்ட் பில்லைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். தொழில்முறையில் இயங்குகிறவர்கள் வைத்திருக்கும் ஆன்ட்மைனர் எஸ்19 போன்ற இயந்திரம் ஒன்று 3,250 வாட் இழுக்கும். நாளுக்கு 78 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைத்ததே, அதை இந்த ஒரு இயந்திரம் ஒன்றேகால் நாளில் தின்று தீர்த்துவிடும். சத்தமோ 75 டெசிபெல். முகப்பில் வைத்தால் மூன்றாம் கட்டில் படுத்திருப்பவருக்கும் தூக்கம் போகும்.

ஆகவே அந்த வகை வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் இன்னொரு வகை சில ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பரவிவருகிறது. பிட்ஆக்ஸ் என்று பெயர். வரைபடம், மென்பொருள் எல்லாமே பொதுவில் கிடைக்கின்றன. சாலிடரிங் தெரிந்தவர் தாமே கட்டிக்கொள்ளலாம். இதன் காமா மாடலில் இருப்பது எஸ்21 புரோ என்ற பெரிய இயந்திரத்தில் வரிசை வரிசையாக வைக்கப்படும் அதே பிஎம்1370 சிப், இங்கே ஒன்றே ஒன்று. நொடிக்கு ஒரு டெராஹாஷுக்குச் சற்று மேல், அதாவது லட்சம் கோடிக் கணக்குகள் போடும். மின்சாரம் ஏறத்தாழ 17 வாட். ஒரு நல்ல எல்இடி பல்புக்குச் சமம். இதைவிடச் சின்னதாக நெர்ட்மைனர் உண்டு. ஒரு வாட் போதும். வேகமும் அதற்கேற்றபடிதான். பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் சொல்ல வாங்கலாம், வேறெதற்கும் உதவாது.

அப்படி என்னதான் கணக்கு அது? செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பேரேட்டைக் காட்டிச் சொன்னால் சட்டென்று விளங்கும். ஒரு பக்கத்தின் தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் ஏற்றித்தான் மேலே எழுத முடியும். நடுவில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் பின்னால் வரும் எல்லாம் தப்பாகிப்போகும். பிட்காயினும் அப்படிப் பக்கத்தோடு பக்கம் பிணைத்த பேரேடுதான். பக்கத்துக்கு இங்கே பிளாக் என்று பெயர். 2009 ஜனவரி 3 அன்று முதல் பக்கம் எழுதப்பட்டது. ஒரே வேறுபாடு, இதற்குக் கணக்கப்பிள்ளை நியமனம் கிடையாது. அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்கு உலகமே போட்டிபோடுகிறது. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான எண் விழும்வரை இயந்திரங்கள் கண்ணை மூடிக்கொண்டு எண்களைத் தட்டிப் பார்க்கின்றன. இதுதான் மைனிங். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருவருக்கு விழுகிறது. 2024 ஏப்ரலில் இருந்து அவருக்குப் பரிசு 3.125 பிட்காயின்.

வீட்டு மேஜையில் மைனிங் என்ற இந்த ஆசையில் தமிழ்நாட்டுத் தொடர்புள்ள ஒருவருக்கும் பங்குண்டு. சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், அமெரிக்காவில் வளர்ந்த பாலாஜி ஸ்ரீநிவாசன் தலைமையிலான 21 என்ற நிறுவனம், 2015 நவம்பரில் ஏறத்தாழ 400 டாலருக்கு ஒரு குட்டிக் கணினியை விற்றது. ராஸ்பெரி பை பலகையின் மேல் ஒரு மைனிங் சிப். அது எடுபடவில்லை. நிறுவனமே பெயரும் தொழிலும் மாறி 2018-இல் காயின்பேஸ் என்ற கிரிப்டோ சந்தையிடம் போய்ச் சேர்ந்தது. வீட்டில் மைனிங் செய்து சம்பாதிக்கலாம் என்ற கணக்கு அன்றைக்கே தேறவில்லை.

சரி, பொழுதுபோக்காகவே வைப்போம். நாச்சியாபுரத்து வளவு வீடு ஒன்றில் இதை எங்கே வைப்பது? செங்கல்லும் சுண்ணாம்புமாய் எழுப்பிய கனத்த சுவர் வெயிலைத் தடுக்கும், வைஃபையையும் தடுக்கும். இந்தக் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும் என்பதால், ரூட்டர் இருக்கும் பத்தியிலேயே வைப்பது நல்லது. முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் கருவியே ஒரு வைஃபையை உண்டாக்கும். போனில் அதைப் பிடித்து, வீட்டு வைஃபையின் பெயர், கடவுச்சொல், சேரப்போகும் பூலின் (மைனிங் செய்பவர்களை இணைக்கும் சர்வரின்) முகவரி, உங்கள் பிட்காயின் முகவரி ஆகியவற்றைக் கொடுத்தால் ஓட ஆரம்பித்துவிடும். பிட்காயினை வைத்திருக்கும் வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை இங்கே மட்டுமல்ல, எங்கேயும் கொடுக்கக் கூடாது. தாளில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

தொந்தரவு பெரும்பாலும் அடாப்டரில்தான் தொடங்கும். 5 வோல்ட், 6 ஆம்பியர் தரமாகத் தரும் அடாப்டர் வேண்டும். கையில் கிடைத்த போன் சார்ஜரைச் செருகினால் வோல்டேஜ் சரிந்து, கருவி அணைந்து அணைந்து எரியும். அடுத்தது விசிறி. கூடவே வரும் 40 மில்லிமீட்டர் விசிறி கொசு போல ரீங்காரமிடும். அதை மாற்றி நல்ல விசிறியும் கொஞ்சம் பெரிய ஹீட்சிங்க்கும் போட்டால், வீட்டு ஆச்சி "என்ன தம்பி இது, ராப்பகலா முனகிக்கிட்டே கெடக்கு" என்று கேட்கத் தேவையிருக்காது. மே மாதத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது சிப்பின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுபதை ஒட்டி நின்றால் நிம்மதி. ஏறினால் வேகத்தைக் குறையுங்கள். ஆசைப்பட்டு வேகத்தைக் கூட்டுகிறவர்கள்தான் பலகையைக் கருக்குகிறார்கள். மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டவே கூடாது. திறந்த பலகை என்பதால் பல்லியும் எறும்பும் உள்ளே போகும், மெல்லிய வலை ஒன்று கட்டாயம்.

இனி வாய்ப்பைப் பார்ப்போம். 2025-இல் உலகின் மொத்த மைனிங் வேகம் ஒரு ஸெட்டாஹாஷைத் தொட்டது. அதில் உங்கள் ஒரு டெராஹாஷ் என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. தனியாக ஆடினால், சராசரிப்படி பரிசு விழ ஏறத்தாழ 19,000 ஆண்டு ஆகும். ஆனாலும் சராசரிக்கு முன்பே சிலருக்கு விழுந்திருக்கிறது. 2024 ஜூலையில் வெறும் 3 டெராஹாஷ் வைத்திருந்த ஒருவர் 8,53,742-ஆம் பிளாக்கைக் கண்டுபிடித்து ஏறத்தாழ முழுப் பரிசையும் அள்ளினார். அவர் சேர்ந்திருந்த, கண்டவருக்கே பரிசைத் தரும் தனியாள் பூலை நடத்துபவர் கான் கொலிவாஸ் என்ற ஆஸ்திரேலியர். தொழிலால் மயக்கவியல் மருத்துவர். இந்த ஒரு செய்தியைச் சொல்லியே எத்தனையோ கருவிகள் விற்றிருக்கும்.

பலரோடு கூட்டுச் சேர்ந்து கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்ளும் பூலில் போட்டால்? நாளுக்கு 45 சடோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் சடோஷி). பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்றே வைத்தாலும் 3 ரூபாய் 60 காசு. கரண்ட் யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றால் செலவு 2 ரூபாய். விற்கும்போது 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். 2022 ஏப்ரலில் இருந்து இதுதான் நிலை. மைனிங் கருவிகளுக்கான செலவைக் கழிக்க முடியாது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் வழியில்லை. எல்லாம் போக, கையில் ஐம்பது காசு நிற்பதே கஷ்டம். கருவிக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று போட்டால், முதலை எடுக்க ஐம்பது ஆண்டுக்கு மேலாகும். அதற்குள் பரிசு நான்காண்டுக்கு ஒருமுறை பாதிப் பாதியாகிக்கொண்டே போகும். வட்டிக்கணக்கில் ஊறிய ஊரில் இதை முதலீடு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. கிரிப்டோ பரிவர்த்தனைகளுக்கு உதவக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2018-இல் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒருவர் வைத்திருக்கத்தக்க சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். சொத்து என்றால் வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

அஞ்ச வேண்டியது, கருவியே இல்லாமல் மைனிங் விற்கிறவர்களுக்கு. 2015-இல் கிளம்பிய கெயின்பிட்காயின், முதலீட்டுக்கு மாதம் பத்து சதவீதம் வீதம் பதினெட்டு மாதம் தருவதாகச் சொல்லி நாடெங்கும் மக்களின் பணத்தைச் சுருட்டியது. அதன் தலைவர் அமித் பரத்வாஜ் 2018-இல் கைதானார். வழக்கு முடியும் முன்பே 2022-இல் இறந்தும் போனார். அதே கதையை வேறு பெயரில் இப்போதும் வாட்ஸ்அப்பில் சொல்கிறார்கள். பதினேழு வாட் கருவியை விளையாட்டுக்கு வாங்குங்கள், கற்றுக்கொள்ளுங்கள். "மைனிங்கில் பணம் போடுங்க, மாசாமாசம் வரும்" என்று எவராவது வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.