விரலை விடும் நேரம்

குழந்தைகள் காப்பகங்களில் கற்பனைத் திறன் வளர்த்தல்

திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு நவராத்திரி என்பது விருந்தினர் வரும் காலம். குமரி மாவட்டத்துக் குமாரகோவில் முருகப் பெருமான் ஊர்வலமாக எழுந்தருளி, விழா நாள்களில் ஆரியசாலைக் கோயிலில் தங்குகிறார். விசயதசமியன்று மழலையரின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிக்கிறோம். எழுதி முடித்து விரலை விட்டவுடன் குழந்தை என்ன செய்கிறது? அரிசியைக் கலைக்கிறது; குவிக்கிறது; தன் விருப்பம்போல் கோடு இழுக்கிறது. "போதும், வா" என்று தூக்கிச் சென்றுவிடுகிறோம். கற்பனை தொடங்கும் இடம் அதுவே என்பதை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன்.

பதினெட்டு மாம்பழங்கள்

நானும் என் மனைவியும் பணிக்குச் செல்வோர். எங்கள் மகளை நான்கு வயதில் நகரிலுள்ள ஒரு காப்பகத்தில் சேர்த்திருந்தோம். மாத இறுதியில் அழகிய கோப்பு ஒன்று வீட்டுக்கு வரும். ஒருநாள் அழைத்துவரச் சென்றபோது சுவரில் பதினெட்டு மாம்பழங்களைக் கண்டேன். அனைத்தும் ஒரே அளவு, ஒரே மஞ்சள். "உன்னுடையது எது?" என்றேன். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றிரவு வெற்றுத் தாளைக் கொடுத்தபோது, "நீங்கள் வரைந்து தாருங்கள் அப்பா, நான் வண்ணம் அடிக்கிறேன்" என்றாள். ஓராண்டுக்கு முன் வீட்டுச் சுவர் முழுவதும் கிறுக்கியவள் அவள்.

மறுநாள் பொறுப்பாளரிடம் பேசினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "கோப்பு சுத்தமாக இல்லாவிட்டால் பெற்றோர் வருந்துகிறார்கள், சார்." நானும் அந்தக் கோப்பைக் கண்டு மகிழ்ந்தவன்தானே! கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள்.

முன்னோர் காட்டிய வழி

வேலைக்குச் செல்லும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காக 1907இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். குழந்தை தானே தேர்ந்தெடுத்து, தன் கைகளால் செய்து கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் மக்களின் கதை, வங்கியாளனாகிய என்னை இன்னும் கவர்ந்தது. 1945இல் போர் முடிந்தவுடன், பின்வாங்கிய படையினர் விட்டுச்சென்ற டாங்கி ஒன்றையும், லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தப் பணத்தில் மழலையர் பள்ளி கட்டினர். லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் அவர்களோடு இணைந்தார். அங்கு வளர்ந்த முறையில் களிமண், நிழல், கம்பி, தாள் அனைத்துமே குழந்தை பேசும் மொழிகள்.

சாலைக் கடைத்தெருவில் கிடைக்கும் செல்வம்

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆரியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் வெற்று அட்டைப் பெட்டி, சாக்குத் துண்டு, சிரட்டை, ஓலைப்பெட்டி ஆகியவற்றுக்குக் குறைவில்லை. பொம்மைக் கார் காராக மட்டுமே இருக்கும். அட்டைப் பெட்டியோ காலையில் பேருந்து, மாலையில் கடை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: மூன்று வயதுக்கு உட்பட்டோர் இருக்குமிடத்தில் புளியங்கொட்டை, பொத்தான் போன்ற சிறு பொருள்கள் கூடா, தொண்டையில் சிக்கும்.

காப்பகத்தைத் தேர்வதற்கு முன்

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதியை 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கட்டாயமாக்கியது; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று காணவும் உரிமை அளித்தது. அலுவலகக் காப்பகமாயினும், அங்கன்வாடியாயினும், தனியார் இல்லமாயினும், சேர்ப்பதற்கு முன் நான்கினைக் கவனியுங்கள்.

• சுவரிலுள்ள படங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றனவா?
• பொருள்கள் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் உள்ளனவா?
• எவரும் கட்டளையிடாத விளையாட்டு நேரம் நாள்தோறும் உண்டா?
• பராமரிப்பவர் ஒருவர் எத்தனை குழந்தைகளைக் கவனிக்கிறார்? கூட்டம் மிகுந்தால், பொறுமை மிக்கவருக்கும் மாதிரிப் படமே புகலிடமாகும்.

நாங்கள் காப்பகத்தை மாற்றவில்லை. மாதக் கோப்பு வேண்டாம் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து கூறினோம். அட்டைப் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சில வாரங்கள் மகள் வெற்றுத் தாளை வெறுமனே பார்த்திருந்தாள். பிறகு ஒரு மாலை, பழுப்பு நிறச் சுழிகள் நிறைந்த தாளொன்றைக் கொண்டுவந்தாள். "இது என்ன?" என்னும் கேள்வியை விழுங்கிக்கொண்டு, "இதைப் பற்றிச் சொல்லம்மா" என்றேன்.

"சாலையில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள். இது தூசி" என்றாள்.

பிள்ளைகளின் கல்விக்காக வைப்புத்தொகை தொடங்க வரும் பெற்றோரை நாள்தோறும் சந்திக்கிறேன். அச்சேமிப்பு மிகவும் தேவை. படிவத்தில் கையெழுத்திட்டு வீடு திரும்பியபின், ஒரு வெற்றுத் தாளையும் அரைமணி நேரத்தையும் அந்தக் குழந்தைக்கே விட்டுக்கொடுங்கள்.